‘ஃபண்டு வரவில்லை’ என்ற பதிலைச் சட்டமன்றத்தால் கேள்வி கேட்க முடியுமா?

வடசென்னையில் வடிகால் சீரமைப்பும் நடைபாதைப் பணியும் எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர் ஒருவர் அனுப்பிய கேள்விக்கு இந்தப் பதில். பணி முடிந்து, செய்த வேலையின் அளவைக் குறித்துவைக்கும் அளவுப் புத்தகத்தில் பதிவாகி, ஃபைனல் பில்லும் ஏற்கப்பட்டு ஓராண்டு கடந்த பிறகும் அவருக்குப் பணம் வரவில்லை. பகுதி அலுவலகத்தில் ‘ஃபண்டு வரவில்லை’ என்கிறார்கள், தலைமை அலுவலகத்தில் ‘அரசு விடுவித்தால்தான்’ என்கிறார்கள், கவுன்சிலரோ ‘எம்.எல்.ஏ.வைப் பாருங்கள்’ என்று கைகாட்டுகிறார். உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்கும் கடனைக் கேட்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, உண்டென்றால் ஏன் எதுவும் நகர்வதில்லை என்பது அவருடைய கேள்வி.

அதிகாரம் தாராளமாக உண்டு. ஆனால் நம் சட்டமன்றம் உள்ளாட்சி நிதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தொகையைத்தான் கேட்கிறது, தேதியைக் கேட்பதில்லை. எத்தனை கோடி ஒதுக்கினீர்கள் என்று உறுப்பினர் கேட்பார், இத்தனை கோடி ஒதுக்கினோம், முந்தைய ஆட்சியைவிட இவ்வளவு அதிகம் என்று அமைச்சர் சொல்வார், மேசை தட்டப்படும். அந்தக் கோடி எந்த நாளில் கருவூலத்துக்கு வந்தது, எந்த நாளில் உள்ளாட்சியின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது, எந்த நாளில் வேலை செய்தவன் கைக்குப் போனது என்ற மூன்று தேதிகளும் அவைக் குறிப்பில் ஏறுவதே இல்லை. ‘ஃபண்டு வரவில்லை’ என்ற பதில் அந்த இடைவெளியில்தான் உயிர் வாழ்கிறது.

பணம் எங்கே தங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உள்ளாட்சிக்கு வெளியிலிருந்து வரும் பணத்தில் இரண்டு பெரிய வழிகள் உள்ளன. ஒன்று, அரசமைப்பின் 280வது பிரிவின்படி அமையும் ஒன்றிய நிதிக்குழு பரிந்துரைக்கும் மானியம். மற்றது, 243-ஐ, 243-ஒய் பிரிவுகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையம் பரிந்துரைக்கும் பகிர்வு. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் சுமார் 10 விழுக்காடு இவ்வாறு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இவை தவிர, பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வசூலாகும் மிகுவரியில் ஒரு பங்கும், திட்டவாரியான மானியங்களும், வெளிநாட்டு வங்கிக் கடன்களும் வருகின்றன. சொத்து வரியும் தொழில் வரியும் உள்ளாட்சியே நேரடியாக வசூலிப்பவை.

ஒன்றிய நிதிக்குழுவின் பணத்துக்குத் தேதிக் கட்டுப்பாடு எழுத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. என்.கே. சிங் தலைமையிலான 15வது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதும் உள்ள உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தபோது, டெல்லியிலிருந்து வந்த தவணையை மாநில அரசு 10 வேலை நாள்களுக்குள் உள்ளாட்சிகளுக்கு மாற்றிவிட வேண்டும் என்றும், தாமதித்தால், முந்தைய ஆண்டில் மாநிலம் சந்தையில் வாங்கிய கடனுக்கு என்ன வட்டி கொடுத்ததோ அதே வட்டியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. இந்த மாற்றம் நடந்ததற்கு மாநில அரசு ஒரு சான்றிதழும் அனுப்ப வேண்டும். பணம் வந்த நாளும் மாற்றிய நாளும் அதில் இருக்கும். அதாவது, மேலே சொன்ன மூன்று தேதிகளில் இரண்டு அரசின் கோப்பிலேயே தயாராக இருக்கின்றன. அவற்றை அவையின் மேசைக்குக் கொண்டுவர ஓர் உறுப்பினரின் ஒரு வினா போதும்.

இன்னொரு நிபந்தனை இதைவிடச் சுவையானது. மாநில நிதி ஆணையத்தை அமைத்து, அதன் பரிந்துரைகள் மீது எடுத்த நடவடிக்கை பற்றிய விளக்கக் குறிப்பை 2024 மார்ச்சுக்குள் சட்டமன்றத்தில் வைக்காத மாநிலத்துக்கு அதன் பிறகு உள்ளாட்சி மானியம் கிடையாது என்றது அதே குழு. சட்டமன்றத்தில் ஒரு தாளை வைப்பதையும் வைக்காததையும் கோடிக்கணக்கான ரூபாயோடு கட்டிப்போட்ட ஏற்பாடு இது. அந்தக் குறிப்பை அவையில் வைக்க வேண்டும் என்று அரசமைப்பே 243-ஐ(4)இல் சொல்லியிருந்தும், பல மாநிலங்கள் அதை ஒரு சடங்காகக்கூடச் செய்யாததால்தான் இந்தக் கெடு வேண்டியிருந்தது. மேசையில் வைத்த பிறகு அதைப் படித்துக் கேள்வி கேட்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சென்னைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை கொண்ட நகரங்களுக்கு 15வது நிதிக்குழு தந்தது முழுவதுமே காற்றுத் தூய்மை, குடிநீர், கழிவு மேலாண்மை ஆகியவற்றில் அடையும் முன்னேற்றத்தோடு கட்டப்பட்ட பணம். ஆகவே, டெல்லியிலிருந்து தவணை வந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்துவிட்டுத் தண்டையார்பேட்டையின் நடைபாதை பில் நாளைக்கே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. அது வேறு கணக்குத் தலைப்பு. எந்தப் பணியாணை எந்த நிதித் தலைப்பில் போடப்பட்டது என்பதைப் பணியாணையிலேயே பார்த்துவிட முடியும். ஒப்பந்ததாரர்கள் பலர் மதிப்பீட்டுத் தொகையைப் பார்க்கிறார்களே தவிர இதைப் பார்ப்பதில்லை. கடன் நிதியில் செய்யும் பணியும் உள்ளாட்சியின் பொது நிதியில் செய்யும் பணியும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் நடந்தாலும் பணம் வரும் வேகம் ஒன்றாக இருக்காது.

வடசென்னையில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகளில் கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கான மழைநீர் வடிகால் திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் ஒப்புதல் தந்த 25.1 கோடி டாலர் கடனில் நடக்கிறது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் குவிந்துள்ள பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் பணிக்காகச் சென்னை மாநகராட்சி 2025இல் 200 கோடி ரூபாய்க்கு நகராட்சிப் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. பத்திரம் வாங்கியவருக்கு வட்டி நாள் தவறாமல் போய்ச் சேரும், சேர்ந்தாகவும் வேண்டும். அதற்காகவே வருவாயில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு இத்தகைய பத்திரங்களில் இருக்கிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, கடன் வாங்குகிறவருக்கு நாணயம் வேண்டும். ஆனால் சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, பத்திர வட்டி எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்த பிறகு, பணம் வரவேண்டியவர்களில் எந்தப் பாதுகாப்பும் எழுதப்படாத ஒரே ஒருவர் எஞ்சுகிறார்: பொது நிதியில் வேலை செய்த சிறு ஒப்பந்ததாரர். உள்ளாட்சியின் கையிருப்பு குறையும்போது அவருடைய பணத்தில்தான் அது ஓடுகிறது. வட்டியில்லாமல், கேட்காமல், ஆவணமில்லாமல் வாங்கப்படும் கடன் அது.

அந்தக் கடன் எந்தப் பட்ஜெட்டிலும் தெரியாது என்பதுதான் சட்டமன்றக் கண்காணிப்பின் பெரிய ஓட்டை. மாநில அரசின் கணக்கு ரொக்க அடிப்படையில் எழுதப்படுகிறது. கொடுத்தால்தான் செலவு, கொடுக்காத பில் கணக்கிலேயே இல்லை. மார்ச் 31 அன்று ஒரு துறை நூறு பில்களை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினால் அந்த ஆண்டின் பற்றாக்குறை அந்த அளவுக்குக் குறைந்ததாகவே தெரியும். ஆனால் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் ஈராயிரத்தின் தொடக்கத்திலேயே நிகழ்வுறு கணக்கு முறைக்கு மாறிவிட்டன. இந்த முறையில் பில் ஏற்கப்பட்ட உடனே, பணம் கொடுக்காவிட்டாலும், அது இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக ஏறியாக வேண்டும். ஆகவே, ஒப்பந்ததாரர்களுக்குச் செலுத்த வேண்டிய தொகை என்ற வரி ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கை இணையத்தில் வெளியிடுவதையும் 15வது நிதிக்குழு மானியத்துக்கான முன்நிபந்தனையாக்கியது. கண்காணிக்க வேண்டியவர்கள் அந்த ஒரு வரியை மூன்று ஆண்டுகளுக்கு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே நிலுவை வளர்கிறதா தேய்கிறதா என்று தெரிந்துவிடும்.

சட்டமன்றத்தின் குழுக்களுக்கு வருகிறேன். பொதுக் கணக்குக் குழு, சி.ஏ.ஜி. எனப்படும் தணிக்கைத் தலைவரின் அறிக்கையில் வந்த பத்திகளை எடுத்துக்கொண்டு துறைச் செயலாளரை உட்காரவைத்து விசாரிக்கும். அதற்கு ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரமும் உண்டு, பல்லும் உண்டு. ஆனால் தணிக்கை முடிந்து, அறிக்கை அவையில் வைக்கப்பட்டு, குழு எடுத்து, பரிந்துரை வந்து, துறை பதில் எழுதும்போது அந்தப் பணியைச் செய்த ஒப்பந்ததாரரின் மகன் தொழிலுக்கு வந்திருப்பார். மதிப்பீட்டுக் குழுவுக்குக் கால நெருக்கடி குறைவு. நடப்பு ஆண்டின் ஒதுக்கீட்டையே எடுத்துப் பார்க்கலாம், நேரில் களத்துக்கும் போகலாம். உள்ளாட்சி நிதிக்கென்றே தனிக் குழு வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு: கேரளத்தில் உள்ளாட்சி நிதிக் கணக்குக் குழு இருக்கிறது, மகாராஷ்டிரத்தில் பஞ்சாயத்து ராஜ் குழு இருக்கிறது. சி.ஏ.ஜி. அறிக்கையின் ஏராளமான பத்திகளுக்கு நடுவில் உள்ளாட்சிப் பத்தி கடைசியில் வருவதைத் தடுக்க இதுவே வழி என்பது என் கருத்து.

இவற்றில் நான் அதிகம் நம்புவது அரசு உறுதிமொழிக் குழுவை. அமைச்சர் அவையில் ‘விரைவில் வழங்கப்படும்’ என்று சொன்ன மறுகணம் அது உறுதிமொழியாகிவிடுகிறது. நிறைவேறியதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-24 பட்ஜெட்டில் மூன்றாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைக்கப்பட்டபோது அது 4,181 கோடி ரூபாய்த் திட்டமாக விரிந்திருந்தது. சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஒருங்கிணைக்க, மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் என்று பல கைகள் செலவிடும் திட்டம் இது. அறிவிப்பு எத்தனை, நிர்வாக ஒப்புதல் எத்தனை, விடுவித்தது எத்தனை, முடிந்த பணிக்குக் கொடுக்க வேண்டியது எத்தனை என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டால்தான் இந்த மாதிரித் திட்டத்தில் நிலுவை எங்கே நிற்கிறது என்று பிடிபடும்.

சட்டமன்றம் கண்காணிப்பாளர் மட்டுமல்ல, சில வேளைகளில் தாமதத்துக்குக் காரணமும் அதுவே. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு வரையறை, வழக்கு, மீண்டும் வரையறை என்று இழுத்து, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், மன்றத்துக்குப் பதிலாக உள்ளாட்சியை நிர்வகித்த தனி அலுவலர்களின் பதவிக் காலத்தை ஆறாறு மாதமாக நீட்டிக்கும் திருத்த மசோதாக்களை நிறைவேற்றியது இதே சட்டமன்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு மானியம் இல்லை என்று ஒன்றிய அரசு 14வது நிதிக்குழுவின் பணத்தை நிறுத்திவைத்தது. நிறுத்திவைத்தது சரியா என்று வாதிடலாம். ஆனால் ஒவ்வொரு முறை கை உயர்த்தி நீட்டிப்புக்கு ஒப்புதல் கொடுத்தபோதும், இதனால் எத்தனை கோடி நிற்கும் என்ற கணக்கை மசோதாவோடு சேர்த்து வைக்கும்படி அவை கேட்டிருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. உள்ளாட்சி எப்போதும் கொடுக்காதவர் இடத்திலேயே நிற்பதில்லை, வரவேண்டியது வராதவர் இடத்திலும் நிற்கிறது. ராயபுரம், பெரம்பூர் பகுதிகளில் ரயில்வேயின் நிலமும் கட்டடங்களும் எவ்வளவு பரப்பில் விரிந்திருக்கின்றன என்பது அங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். அரசமைப்பின் 285வது பிரிவு ஒன்றிய அரசின் சொத்துக்குச் சொத்து வரி போட அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் கேட்கலாம் என்பது 2009இல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் உறுதியான ஏற்பாடு. சொத்து வரி கட்டும் பேருந்துத் தொழிலாளியின் வீட்டுக்கும் வரி விலக்குள்ள கட்டடத்துக்கும் ஒரே வடிகால்தான், ஒரே தெருவிளக்குதான். இன்னொரு பக்கம், சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வசூலித்து அதை நூலக ஆணைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டியது மாநகராட்சியின் கடமை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் சொல்வது அது. சென்னையில் இந்த நிலுவை பல ஆண்டுகளாகச் செய்தியாகிக்கொண்டிருக்கிறது. மக்களிடம் வசூலித்த பணத்தை உரியவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதும், வேலை செய்தவருக்குக் கொடுக்காமல் இருப்பதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். உள்ளாட்சிக்கு யார் தரவேண்டும், உள்ளாட்சி யாருக்குத் தரவேண்டும் என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுதி அவையில் வைத்தால் பாதிச் சண்டை அன்றே தீர்ந்துவிடும்.

தாமதத்தின் செலவை ஒப்பந்ததாரர் மட்டும் சுமக்கிறார் என்று நினைக்க வேண்டாம். பணம் வர ஓராண்டாகும் என்று தெரிந்தவர் அந்த ஓராண்டின் வட்டியையும் சேர்த்துத்தான் டெண்டரில் விலை போடுவார்; போட முடியாதவர் சிமெண்டில் கைவைப்பார், அல்லது தொழிலை விட்டே போவார். கடைசியில் போட்டியில் நிற்பவர்கள் நல்ல வேலைக்காரர்களாக இல்லாமல், நீண்ட நாள் பணத்தை முடக்கிவைக்க வசதி உள்ளவர்களாக இருப்பார்கள். 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டியைத் திறந்துவைத்தது உண்மைதான், ஆனால் பணம் கொடுக்கும் நாளை யாரும் காக்காவிட்டால் அந்தக் கதவு தானாகவே சாத்திக்கொள்கிறது.

இனிச் செய்யக்கூடியவை. சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன் மாநகராட்சி மன்றத்தை விட்டுவிடாதீர்கள். மண்டல அளவிலான வார்டுக் குழுவிலும், வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவிலும் நிலுவைப் பட்டியலைக் கேட்கும் உரிமை கவுன்சிலருக்கு உண்டு, எம்.எல்.ஏ.வைக் கைகாட்டுவதற்கு முன் அவர் அதைச் செய்தாரா என்று கேளுங்கள். எம்.எல்.ஏ.விடம் போகும்போது உங்கள் பில்லை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒருவரின் பில் சிபாரிசாகப் பார்க்கப்படும், தொகுதியின் நிலுவை கொள்கையாகப் பார்க்கப்படும். நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் மானியக் கோரிக்கை 34வது எண்ணில் வருகிறது. அந்த விவாதத்துக்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு தவணையும் கருவூலத்துக்கு வந்த தேதி, உள்ளாட்சிக் கணக்கில் சேர்ந்த தேதி, தாமதத்துக்கு வட்டி சேர்க்கப்பட்டதா, ஏற்கப்பட்டு 90 நாள்களுக்கு மேல் நிற்கும் பில்களின் மண்டலவாரித் தொகை எவ்வளவு என்று ஒரு வினாவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் கேட்கும் உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். இதே விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்களும் கேட்கலாம். 30 நாள்களில் பதில் வர வேண்டும். ஒன்றியத் தவணை பற்றியது என்றால் மக்களவை உறுப்பினர் நிதி அமைச்சகத்திடம் கேட்கலாம்.

பேரவையின் மனுக்கள் குழுவுக்கு மனு போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் குழு ஏற்பது நீண்டகாலமாகத் தீராத பொதுப் பிரச்சினையை. தனிநபர் குறையையும் நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தையும் அது எடுப்பதில்லை, ஒரு மனுவில் ஒரே துறையைப் பற்றிய ஒரே பிரச்சினைதான் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் பில் என்று எழுதினால் திரும்பிவிடும். இந்தப் பகுதியில் முடிந்த பணிகளுக்கான நிலுவை என்று பலர் சேர்ந்து எழுதினால் வாய்ப்பு உண்டு. வழக்குப் போட்டுவிட்டு இங்கே வரவும் முடியாது, எது முதலில் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொருள் வழங்கிய சிறு நிறுவனமாக இருந்தால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் 45 நாளுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க இடம் தருகிறது. கட்டுமான ஒப்பந்தப் பணிகளுக்கு அது பொருந்துமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் பலருக்குச் சாதகமாக இல்லை, எனவே அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தொகையில் தகராறே இல்லாமல் ‘நிதி இல்லை’ என்று மட்டும் சொல்லும் நேர்வில், ஒப்பந்த விவகாரம் என்ற ஒரே காரணத்தால் ரிட் மனுவைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் ஏ.பி.எல். இன்டர்நேஷனல் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைக் கவனியுங்கள். செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் தருவது மூன்றே ஆண்டுகள். உறுப்பினர் கேள்வி கேட்டு, குழு விசாரித்து, துறை பதில் எழுதுவதற்குள் அந்த மூன்றாண்டு கழிந்துவிடக்கூடும். ஆகவே, அந்தக் கெடு முடிவதற்குள், ‘இந்தத் தொகை தங்களுக்கு வழங்கப்பட வேண்டியுள்ளது, நிதி கிடைத்ததும் வழங்கப்படும்’ என்று பொறுப்பான அலுவலரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கையொப்பமிட்ட நாளிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். வாய்மொழியாகச் சொன்ன ‘ஃபண்டு வரவில்லை’க்கு அந்த வலிமை கிடையாது.